கொழுப்புத் துகளும் மரபணுவும்: ஒரு பிரதி உள்ளே போகும் பாடு

மரபணு ஒரு பிரதி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிரதி கைக்கு வந்தால் வாசிப்பு தானாக நடந்துவிடும் என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனித இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்லுக்குள் ஒரு மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் படும் பாடு இந்த நினைப்பைக் கலைத்துப்போடுகிறது.

டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது. செல்லின் வெளிப்புறமும் அப்படித்தான். ஒன்றையொன்று தள்ளும். 1987இல் பிலிப் ஃபெல்க்னரும் சகாக்களும் நேர்மின்னேற்றமுள்ள ஒரு கொழுப்பைக் கொண்டு இதற்கு வழி கண்டார்கள். கொழுப்பு டி.என்.ஏ.வைப் பொதிந்துகொள்ளும், பொதி செல்மேல் ஒட்டும், செல் அதைச் சிறு பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போயாச்சு, வேலை முடிந்ததா? இல்லை. பை செரிப்பறையாக மாறுவதற்குள் மரபணு வெளியே வர வேண்டும். அடுத்தது உட்கருவின் உறை. செல் பிரியும்போதுதான் அது கலைந்து வழிவிடும். கொழுப்பின் அளவைக் கூட்டினால் செல்லே செத்துப்போகும்.

1990இல் எலிசபெத் நேபல் குழுவினர் பன்றியின் தமனிச் சுவரில் வைரஸ் வழியாகவும் கொழுப்புத் துகள் வழியாகவும் மரபணுவைச் சேர்த்துக் காட்டினார்கள். மனிதச் செல்லுக்கு எங்கே போவது? பிரசவத்துக்குப் பின் வெட்டியெறியும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து உட்சுவர்ச் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை எரிக் ஜாஃபே குழுவினர் 1973இலேயே வெளியிட்டிருந்தார்கள். கொடி யாருடையது என்ற கேள்வி 'கழிவு' என்கிற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகிறது.

இங்கேதான் சிக்கல். தட்டில் இச்செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிகின்றன. உடலிலோ அவை பிரிவது அபூர்வம். ஆகவே தட்டின் வெற்றியை உடலின் வெற்றியாக வாசிப்பது பிசகு.

வைரஸ் வழிச் சிகிச்சையில் 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் அமெரிக்காவில் இறந்தார். வைரஸ் அல்லாத வழிகள்மீதான அக்கறைக்கு அந்தச் சாவும் ஒரு காரணம். 2018இல் கொழுப்புத் துகளில் பொதிந்த ஆர்.என்.ஏ. மருந்து ஒன்று அனுமதி பெற்றது. அது போவது கல்லீரலுக்கு. 2020இல் வந்த கொரோனா தடுப்பூசிகளின் ஆர்.என்.ஏ.வுக்கு உட்கருவுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. அதாவது, இந்த வெற்றிகள் கடினமான கதவைத் திறந்து கிடைத்தவை அல்ல. அதைச் சுற்றிக்கொண்டு போனதில் கிடைத்தவை. இரத்தக் குழாயின் கதவு இன்னும் எளிதில் திறப்பதாயில்லை. பிரதியைக் கையில் வைத்திருப்பவன் கர்த்தா அல்ல. எதை வாசிப்பது என்பதில் செல்லுக்கும் ஒரு சொல் உண்டு.