பச்சை இலை விளக்கு பழுது அல்ல
காரில் உள்ள 'எக்கோ' முறையை விளங்கிக்கொள்வோம்



அண்மையில் லைசன்ஸ் எடுத்த தம்பி ஒருவர் திரான்சியிலிருந்து கராஜ் பில்லோடு எங்களிடம் வந்தார். "அக்கா, மச்சானின்ர காரில இழுவையே இல்லை. கராஜுக்குக் கொண்டு போனன். ஒரு பொத்தானை மட்டும் அமத்திப்போட்டுக் காசு வாங்கிட்டினம்" என்றார். காரில் பழுது ஒன்றுமில்லை. 'எக்கோ' போட்டபடி இருந்திருக்கிறது. இந்த வீண்செலவு உங்களுக்கும் வரக்கூடாது.

எக்கோ என்றால் என்ன?

எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஓட்டமுறை. ஊரில் டொயோட்டா பிறியஸ் கார்களில் கண்டிருப்பீர்கள். இங்கே றெனோ கிளியோவில் 2012இல் வந்தது. பொத்தானில் 'எக்கோ' என்ற சொல்லோ இலைப்படமோ இருக்கும். காருக்குக் கார் வித்தியாசம் உண்டு. பொதுவாக நடப்பவை:

1. அக்சிலேற்றரை மிதித்தவுடன் கார் பாயாது, மெதுவாகத்தான் வேகமெடுக்கும்.
2. ஏசியின் வேலை குறையும்.
3. ஓட்டோ கியர் கார் என்றால் முந்தியே அடுத்த கியருக்கு மாறும்.

சிவப்பு விளக்கில் இஞ்சின் தானாக நிற்பது வேறு வசதி. பிரேக்கை விட, அல்லது கிளச்சை மிதிக்க, திரும்ப ஸ்டார்ட் ஆகும். பயப்படாதேங்கோ.

எங்கே போடலாம், எங்கே எடுக்க வேண்டும்?

லா சப்பல் நெரிசலுக்கு எக்கோ நல்லது. பாரிஸ் நகரத் தெருக்கள் பெரும்பாலானவற்றில் 2021 முதல் 30 கி.மீ. தான். சுற்றுவட்ட வீதியிலும் 2024 ஒக்டோபர் முதல் 50.

ஆனால் ஓட்டோறூட்டுக்குள் நுழையும்போதும் லொறியை முந்தும்போதும் உடனடி வேகம் வேண்டும். அங்கே கார் இழுபட்டால் உயிராபத்து. முன்கூட்டியே எக்கோவை நிற்பாட்டுங்கோ. பல கார்களில் அக்சிலேற்றரை அடிவரை மிதித்தால் முழு இழுவையும் வரும். உங்கள் காரில் எப்படி என்று வெறும் றோட்டில் பார்த்துப் பழகுங்கோ.

எவ்வளவு மிச்சம்?

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின சனம் நாங்கள். சொட்டுப் பெற்றோலின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். எக்கோவால் 10 வீதம் வரை மிச்சம் என்றது றெனோ. ஒரே வேகத்தில் ஓட்டோறூட்டில் போகும்போது பலன் குறைவு. அங்கே உங்கள் கால்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கோ. 100 கி.மீ. தூரத்தை 130இல் ஓடினால் 46 நிமிடம், 110இல் ஓடினால் ஏறத்தாழ 55 நிமிடம். அந்த எட்டு ஒன்பது நிமிடத்துக்காகக் காற்றின் எதிர்ப்பு 40 வீதமளவு கூடுகிறது. அதற்குரிய பெற்றோலை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ரயர் காற்றையும் மாதமொருமுறை பாருங்கோ. அளவு பெரும்பாலும் சாரதிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும்.

கவனம்

தஞ்சக் கோரிக்கை அத்தாட்சி சாரதி லைசன்ஸ் ஆகாது. ஊர் லைசன்ஸ் இங்கே செல்லுமா என்பது ஆளுக்காள் வேறுபடும். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காப்புறுதியும் கட்டாயம். சொந்தக்காரர் "சும்மா எடுத்துக்கொண்டு போ" என்று திறப்பைத் தந்தாலும், முதலில் உங்கள் பத்திரங்களோடு எங்களிடம் வாங்கோ. பார்த்துச் சொல்கிறோம்.