கடை வாசலில் நின்றவர்கள்

முகக்கவசம் கட்டாயம் என்று அறிவிக்க ஒரு செய்தியாளர் கூட்டம் போதும். அந்த விதியை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எடுத்துச் சொல்ல, கடை வாசலில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் அப்படி நின்றவர்களில் நானும் ஒருத்தி.

ஈசூன் வட்டாரத்தில் உள்ள ஒரு பேரங்காடியில் பதினோரு ஆண்டுகள் காசாளராக இருந்தேன். கொவிட்-19 காலத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்களையும் தாதியரையும் துப்புரவு ஊழியர்களையும் நினைவுகூர்கிறோம். அது நியாயம்தான். கடை ஊழியர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசியதில்லை. பொருள் விற்பதற்காக வேலைக்குச் சேர்ந்த எங்களுக்கு, வருபவரைத் தடுத்து நிறுத்தும் வேலையும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. அதை எப்படிச் செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைச் சொல்லி வைக்க விரும்புகிறேன். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் மறுபடியும் ஏதோ ஒரு காசாளர்தான் அந்த வாசலில் நிற்பார்.

பதினோரு நாளில் மாறிய அறிவுரை

சிங்கப்பூரில் கிருமித்தொற்றின் முதல் சம்பவம் 2020 ஜனவரி 23ஆம் தேதி உறுதிசெய்யப்பட்டது. பிப்ரவரி 1 முதல், வீட்டுக்கு நான்கு முகக்கவசங்கள் என்ற கணக்கில் ஏறத்தாழ 1.3 மில்லியன் குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கத் தொடங்கியது. அப்போது சொல்லப்பட்ட அறிவுரை, உடல்நலம் இல்லாதவர்கள் மட்டும் அணிந்தால் போதும் என்பதுதான். இருக்கும் கையிருப்பு முதலில் மருத்துவமனை ஊழியர்களுக்குப் போக வேண்டியிருந்தது. பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப் பரவல் அபாய நிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தப்பட்ட மாலையில், எங்கள் கடையில் அரிசியும் மீயும் கழிவறைத் தாளும் இருந்த அடுக்குகள் காலியாயின. அந்தக் கூட்டத்தில் முகக்கவசம் அணிந்திருந்தவர்கள் சிலர்தான்.

ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் மக்களிடம் பேசினார். முகக்கவசம் அணிய வேண்டாம் என்று இனி அரசாங்கம் சொல்லாது என்றார். அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடமிருந்தும் கிருமி பரவக்கூடும் என்பதற்குச் சான்று கிடைத்திருந்தது. ஏப்ரல் 5 முதல் சமூக மன்றங்களில் துவைத்துப் பயன்படுத்தும் துணி முகக்கவசங்கள் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. ஏப்ரல் 14ஆம் தேதி, வீட்டைவிட்டு வெளியே வந்தாலே முகக்கவசம் கட்டாயம் என்றானது.

“அணிய வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்” என்பதிலிருந்து “அணியாவிட்டால் அபராதம்” என்பதற்கு வர ஆனது பதினோரு நாள்கள். அறிவியல் மாறியது, அறிவுரையும் மாறியது. உலகச் சுகாதார நிறுவனமே ஜூன் 5ஆம் தேதிதான் பொதுமக்களுக்குத் துணி முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. ஆனால் ரொட்டி வாங்க வந்த தாத்தாவுக்கு இந்தக் கதை எல்லாம் தெரியாது. “போன மாசம் வேணாம்னு சொன்னீங்க. இப்ப உள்ளயே விட மாட்டேங்கிறீங்க. என்னம்மா இது?” என்று அவர் என்னிடம்தான் கேட்டார்.

“சட்டம் அப்படி” என்று பதில் சொன்னால் வாக்குவாதம் வளர்ந்தது. “இருமல் இல்லாதவங்ககிட்டயிருந்தும் பரவுதுன்னு இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க ஐயா. எனக்கு இருக்கான்னு எனக்கே தெரியாது. அதனாலதான் நானும் போட்டிருக்கேன்” என்று சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரி விளக்கத்தை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாசலில் நின்று நின்று நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

பொறுப்பு எங்களுக்கு, அதிகாரம் அதிகாரிகளுக்கு

விதி தெளிவாக இருந்தது. மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு. ஓட்டம் போன்ற கடுமையான உடற்பயிற்சி செய்யும்போது கழற்றலாம், முடித்ததும் அணிந்துகொள்ள வேண்டும். முதல்முறை மீறினால் 300 வெள்ளி அபராதம், மீண்டும் மீறினால் 1,000 வெள்ளி. நீதிமன்றம் சென்றால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

அணியாதவரை உள்ளே விடக் கூடாது என்பது கடையின் கடமை. அபராதம் விதிப்பதோ அமலாக்க அதிகாரிகளின் அதிகாரம். அதிகாரிகளும் பாதுகாப்பு இடைவெளித் தூதர்களும் எங்கள் பக்கம் சுற்றி வந்தார்கள். வந்தால் சில நிமிடங்கள் இருப்பார்கள், அடுத்த புளோக்குக்குப் போய்விடுவார்கள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றது நாங்கள். எங்களால் அபராதம் எழுத முடியாது, ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. அதே சமயம், முகக்கவசம் இல்லாத ஒருவர் உள்ளே நடமாடும் படம் வெளியே போனால், பதில் சொல்ல வேண்டியது கடைதான். இரண்டு பக்கமும் இடி என்பார்களே, மத்தளத்தின் நிலைதான்.

மே 12 முதல் சேஃப்என்ட்ரி பதிவும் சேர்ந்துகொண்டது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யத் தெரியாத முதியவர்களின் அடையாள அட்டையை நாங்கள் ஸ்கேன் செய்தோம். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தோம். இடைவெளி விட்டு நிற்கச் சொன்னோம். அதற்கு முன்பே, ஏப்ரல் 22 முதல், சோங் பாங் உள்ளிட்ட நான்கு ஈரச்சந்தைகளில் அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இன்று உங்கள் நாள் இல்லை என்று சந்தையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் நேராக எங்களிடம் வந்தார்கள். ஏற்கெனவே ஒரு வாசலில் தடுக்கப்பட்டு வந்தவரை இன்னொரு வாசலில் நிறுத்திப் பேசுவது எவ்வளவு கடினம் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

மூக்கைத் தொட்டுக் காட்டினால் போதும்

விதியை மீற வேண்டும் என்றே வந்தவர்கள் மிகக் குறைவு. மறந்தவர்கள், மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்கிவிட்டவர்கள், தொலைபேசியில் பேசுவதற்காகக் கழற்றியவர்கள்தான் அதிகம். அவர்களிடம் பேசவே தேவையில்லை. என் மூக்கை நான் தொட்டுக் காட்டினால் போதும், உடனே மேலே இழுத்துக்கொள்வார்கள். மற்றவர் முன்னால் சத்தமாகச் சொல்லாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பேச வேண்டி வந்தால், முதலில் உறவு, பிறகு விதி. “அங்கிள், மாஸ்க்”, “மக்சிக், மாஸ்க்”, “தம்பி, கொஞ்சம் மேல ஏத்துங்க”. சீன முதியவர்களுக்காக “கோவ்சாவ்” என்ற மாண்டரின் சொல்லைக் கற்றுக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பையில் தேடி எடுத்து அணிந்தவர்கள் உண்டு.

அறியாமையும் இருந்தது. தனியாக வசிக்கும் ஒரு பெரியவர் கைக்குட்டையை வாயில் பிடித்துக்கொண்டு வந்தார். சமூக மன்றத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வாசல் மேசைக்குக் கீழே மேலாளர் ஒரு பெட்டி முகக்கவசம் வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். எதிர் புளோக்கில் வசிக்கும் மலாய்ப் பாட்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பாத்தேக் துணி மிச்சத்தில் தைத்த இருபது முகக்கவசங்களை மறுவாரம் கொண்டுவந்து கொடுத்தார். “இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்” என்றார். வாசலிலிருந்து திரும்பிப் போக வேண்டியவர்களில் பலர் அந்தப் பெட்டியால் உள்ளே வந்தார்கள்.

விதிகள் மாறியபோதுதான் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் முகத்துக்கு முன்னால் நெகிழிக் கவசம் மட்டும் மாட்டிக்கொண்டு வந்தவர்களை அனுமதித்தோம். ஜூன் 2 முதல் அது முகக்கவசத்துக்கு மாற்றாகாது, குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே விலக்கு என்றார்கள். ஓரங்களில் இடைவெளி இருப்பதால் துளிகள் வெளியேறும் என்பது காரணம். நேற்றுவரை வணக்கம் சொல்லி உள்ளே விட்ட அதே வாடிக்கையாளரை இன்று நிறுத்த வேண்டியிருந்தது. அவருக்கு அது புது விதியாகத் தெரியவில்லை. நான் திடீரென்று முரண்டு பிடிப்பதாகத் தெரிந்தது.

பட்டியலைக் கொடுங்கள்

வம்புக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் முகக்கவசத்தைத் தாடையில் வைத்துக்கொண்டு, “நீ யாரு என்னைக் கேக்க? போலிஸா?” என்று கூடையை என் காலருகே வீசினார். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். சிலர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எங்கள் கடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. எதிர்த்துப் பேசுவதில்லை. தொடுவதில்லை, பின்னால் ஓடுவதில்லை. இரண்டாவது ஊழியர் வந்து பக்கத்தில் நிற்பார். பிறகு ஒரே கேள்வி: “என்ன சாமான் வேணும், சொல்லுங்க. நாங்களே எடுத்து வந்து தர்றோம்.” அன்று அவர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு, “பால் மாவு, மூணு வயசுக்கு” என்றார். எடுத்துக் கொடுத்தோம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

விதியை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் உள்ளே வரவில்லை. அவர் வெறுங்கையோடும் போகவில்லை. வாசலில் நான் பார்த்தவரையில், வரிசை முன்னால் அவமானப்படுகிறோம் என்ற எண்ணம்தான் சின்னப் பேச்சைச் சண்டையாக்கியது. கௌரவத்தோடு திரும்பிப் போக ஒரு வழி விட்டால் பெரும்பாலானவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் அடங்காதவருக்குத்தான் காவல்துறையை அழைக்க வேண்டும். அந்த அழைப்பைச் செய்ய வேண்டியவர் மேலாளர், வாசலில் தனியாக நிற்கும் பெண்ணல்ல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள்

என்னோடு மாறி மாறி வாசலில் நின்ற தங்கச்சி ஒருத்தி ஜோகூர் பாருவைச் சேர்ந்தவள். தினமும் பாலம் கடந்து வேலைக்கு வந்துபோனவள். 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவள் வேலையை விடாமல் இங்கேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினாள். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் அங்கே பாட்டியுடன். நீண்டகாலம் தங்கி வேலை செய்வோர் ஊர் போய்வரும் ஏற்பாடு ஆகஸ்ட் 17ஆம் தேதிதான் தொடங்கியது. தனிமைப்படுத்தல் நாள்களையும் கணக்குப் பார்த்தால் அதுவும் எளிதாக இல்லை. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி.

ஒருநாள் அவளிடம் ஒருவர், “உங்க ஊருக்கே போக வேண்டியதுதானே” என்றார். மூக்கை மூடச் சொன்னதற்காக. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள். “போகத்தானேக்கா ஆசைப்படுறேன்” என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் எல்லாருக்கும் வீட்டில் யாரோ இருந்தார்கள். என் மாமியாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் என் முன்னால் ஓரடி, ஈரடி தூரத்தில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போவேன். காதின் பின்புறம் புண்ணாகும், மூக்குக் கண்ணாடி பனிமூடும், மாலையில் குரல் கட்டிக்கொள்ளும். முகக்கவசத்தின் சிரமத்தை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் அதோடுதான் நின்றோம்.

அடுத்த முறைக்கு

வெளியிடங்களில் முகக்கவசக் கட்டாயம் 2022 மார்ச் 29ஆம் தேதி முடிந்தது. கடைகள் உள்ளிட்ட உட்புற இடங்களில் ஆகஸ்ட் 29ஆம் தேதி முடிந்தது. பொதுப் போக்குவரத்தில் 2023 பிப்ரவரி 13வரை நீடித்தது. ஆகஸ்ட் 29 அன்று வாசல் மேசையை மடித்துக் கிடங்கில் வைத்தோம்.

2023 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தொடக்கத்தில் முகக்கவசம் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டது. அதைப் படித்தபோது, என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். 2025 ஏப்ரல் 1 முதல் தொற்றுநோய்களுக்கென்றே ஒரு தனி அமைப்பும் செயல்படுகிறது. தயார்நிலைத் திட்டங்களில் கடை வாசலுக்கும் ஓர் இடம் வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. விதி வரும்போதே, “ஏன்” என்ற கேள்விக்கு நான்கு மொழிகளிலும் ஒரு வரி பதில் கடைக்கு வந்து சேரட்டும். இல்லாதவருக்குக் கொடுக்க வாசலிலேயே ஒரு பெட்டி இருக்கட்டும். ஊழியரைத் தனியாக நிறுத்தாதீர்கள், இரண்டு பேராக நிறுத்துங்கள். உள்ளே வர முடியாதவருக்குப் பொருளை எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை எல்லாக் கடைகளும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளட்டும். யாரை, எப்போது உதவிக்கு அழைக்கலாம் என்பது ஊழியருக்கு முன்கூட்டியே தெரியட்டும்.

வாடிக்கையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பெரும்பாலானோர் நாங்கள் கேட்கும் முன்பே அணிந்து வந்தீர்கள், காத்திருந்தீர்கள், “சாப்பிட்டாச்சா?” என்று எங்களைக் கேட்டீர்கள். அதனால்தான் அந்த வேலையை எங்களால் செய்ய முடிந்தது. அடுத்து வரும் விதி முகக்கவசமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். வாசலில் நிற்பவர் அதை எழுதியவர் அல்லர். உங்களுக்கு அபராதம் விதிக்கவும் அவரால் முடியாது. அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினால், கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு உள்ளே போங்கள்.