பானைக்குள் யார் பெயர்?

மும்பை செம்பூரில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு ஓட்டுச்சாவடி என்றாலே ஒரு மனக்குறை. "எதுவுமே தெரியாம, யாரோ சொன்ன பட்டனை அமுக்கிட்டுப் போறவருக்கும் ஒரு ஓட்டு, பேப்பர் படிச்சு யோசிச்சுப் போடுற எனக்கும் ஒரு ஓட்டு. இது எப்படி சித்தப்பா சரி?" மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் கட்டிங் சாய் கைக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டான். ஒரு கட்டிங்கில் முடிகிற கேள்வி இல்லை. இன்னும் இரண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவனை உறுத்துவது என்னவென்று எனக்குப் புரிகிறது. மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதிக்குள் தாராவியும் வருகிறது, செம்பூரும் வருகிறது. அவன் சொசைட்டி செயலாளரும், தாராவி 90 அடி ரோட்டுச் சந்தில் விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவிக்கிற அண்ணாச்சியும் சேர்ந்துதான் ஒரே எம்.பி.யை அனுப்புகிறார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, இரண்டுக்கும் ஒரே எடை.

இதே உறுத்தல் சாக்ரடீஸுக்கும் இருந்தது. கப்பல் ஓட்டுகிறவனையோ தச்சனையோ குழல் வாசிக்கிறவனையோ யாராவது குலுக்கல் போட்டு எடுப்பார்களா, ஊரை ஆள மட்டும் ஏன் அப்படி எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதாக அவருடைய சீடர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். பிளேட்டோவும் 'குடியரசு' நூலில் அந்தக் கப்பலையே எடுத்துக்கொண்டார். கடல் தெரியாத ஆட்கள் சுக்கானைப் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள், கடல் தெரிந்தவனை வெட்டிப்பேச்சுக்காரன் என்கிறார்கள்.

"அப்ப சாக்ரடீஸ் என் கட்சி!"

அவசரப்படாதே என்றேன். கிமு 406-ல் அதே சாக்ரடீஸ் ஏதென்ஸின் 500 பேர் அவையில் உட்கார்ந்திருந்தார். கடற்போருக்குப் போய்வந்த தளபதிகளை மொத்தமாக ஒரே தீர்ப்பில் கொல்ல ஊரே கூச்சல் போட்டபோது, இது சட்டப்படி செல்லாது என்று மறுத்தவர் அவர். அந்த இருக்கைக்கு அவரைக் கொண்டுவந்தது தேர்தலும் இல்லை, சிபாரிசும் இல்லை. குலுக்கல்!

அந்தக் குலுக்கலை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் அவர்கள் சமத்துவம் என்று எதைச் சொன்னார்கள் என்பது விளங்கும். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியைத் தோண்டியபோது ஒரு கற்பலகை கிடைத்தது. பலகை முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள். வழக்கு கேட்க வந்தவர்களின் பெயர்வில்லைகளை அதில் செருகுவார்கள். வில்லையில் பெயர், அப்பா பெயர், ஊர். நம் வாக்காளர் அட்டையிலும் ஏறக்குறைய இதே மூன்றுதான் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் ஒரு குழாய். அதில் வெள்ளையும் கறுப்புமாக உருண்டைகளைக் கொட்டி ஒவ்வொன்றாக விழவிடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் அன்றைக்கு நீதிபதிகள். கறுப்பு விழுந்தால் வில்லையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆண்டுக்கு 6000 பேர் இப்படி நீதிமன்றப் பட்டியலில் இருப்பார்கள். அன்றாடங்காய்ச்சியும் வேலையை விட்டு வரவேண்டுமே என்று கூலி கொடுத்தார்கள். 500 பேர் அவையில் வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் உட்கார முடியாது. போர்த் தளபதிகள் போன்ற சிலரை மட்டும் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்தவன்தான் வேண்டும் என்கிற அளவுக்கு அவர்களுக்கும் விவரம் இருந்தது.

அரிஸ்டாட்டில் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: பதவிக்குக் குலுக்கல் என்றால் அது மக்களாட்சி, தேர்தல் என்றால் அது சிலராட்சி. யோசித்துப் பார், தேர்தல் வைத்தால் யார் ஜெயிப்பார்? பேர் தெரிந்தவர், பணம் இருப்பவர், மேடையில் பேசத் தெரிந்தவர். பானை வனைகிறவனுக்கு அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். குலுக்கலில் அவனும் நாற்காலியில் உட்காரலாம்.

"ம்ஹாடா லாட்டரி மாதிரியா?"

அதேதான். இந்த ஊரில் வீடு கொடுக்கக் குலுக்கல் போடுகிறோம். மாநகராட்சியில் எந்த வார்டு பெண்களுக்கு என்பதையும் பொதுவில் குலுக்கித்தான் முடிவு செய்கிறோம். ஏதென்ஸில் பெண்ணின் பெயர் வில்லையிலேயே கிடையாது. ஆனால் இங்கே நாற்காலிக்கு மட்டும் குலுக்கல் இல்லை.

"நம்மகிட்டயும் குடவோலை இருந்துதே!" ஒவ்வொரு தமிழனும் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்துவான், அவனும் நிமிர்த்தினான். இருந்தது, மறுக்கவில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது, அவன் உறவினர் பெயரும் போகாது. இந்த ஒரு விதியை இன்றைக்கு மும்பையில் கொண்டுவந்தால் எத்தனை வேட்பாளர் தேறுவார்களோ.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போனது என்று அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70, வேதம் படித்திருக்கவேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. வயலில் இறங்கி நட்டவன் பெயர் ஓலையிலேயே ஏறவில்லை. ஏதென்ஸும் அப்படித்தான். அடிமைகளுக்கு இடமில்லை. கிமு 451-ல் வந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. வெளியூரிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்தவன் ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி கட்டலாம், படையில் சேர்ந்து போருக்குப் போகலாம், ஆனால் ஓட்டுக் கிடையாது, சொந்தமாக ஒரு வீடு வாங்க முடியாது. மக்களாட்சி என்றால் என்ன என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்த அரிஸ்டாட்டிலும் அங்கே வெளியூர்க்காரர்தான்.

எனக்கு இந்த இடத்தில் தாராவி நினைவுக்கு வராமல் இருக்காது. 1960-களில் 'மார்மிக்' பத்திரிகை, மும்பை அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை வெளியூர்க்காரர்கள் என்று பட்டியல் போட்டு அச்சிட்டது. இன்றைய பட்டியல் வேறு மாதிரி. தாராவி மறுசீரமைப்பில், தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவருக்கு வீடு தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மாடியில் குடியிருப்பவருக்கு வெளியே, வாடகை கட்டித் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுதான். கீழே இருப்பவர் 'பாத்ர', அதாவது தகுதி உள்ளவர்; ஏணி ஏறி மேலே போனால் 'அபாத்ர', தகுதி இல்லாதவர். ஓட்டுப் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே எடை.

"அது வீட்டு விவகாரம், ஓட்டு வேற."

வேறுதான். அந்த வேறுபாட்டைத்தான் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சுட்டிக்காட்டினார்: அரசியலில் ஆளுக்கு ஒரே மதிப்பு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் மதிப்பு வேறுவேறு, இந்த முரணை வைத்துக்கொண்டு நெடுநாள் ஓட்ட முடியாது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் வீடு ராஜகிருகம் நடக்கிற தூரம்தான், தாதர் ஹிந்து காலனியில். ஓட்டு விஷயத்தில் அவர் கட்சி மாறவே இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பெரிய சுதந்திரவாதியே 1861-ல், படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டுக் கொடுக்கலாம் என்று எழுதினார். என் அண்ணன் மகன் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். அம்பேத்கர் 1928-லேயே சைமன் குழுவிடம் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுக் கேட்டார். படித்துவிட்டு வா, ஓட்டுத் தருகிறேன் என்பது அவருக்கு ஒப்பாது. ஓட்டுப் போடுவதே ஒரு படிப்பு என்பது அவர் கட்சி. அந்த ஓட்டு 1952-ல் பம்பாயில் அவரையே தோற்கடித்தது. அதற்காக அவர் மில்லின் பக்கம் போகவில்லை.

பிளேட்டோவுக்கான பதிலை அவருடைய மாணவரே சொல்லிவிட்டார் என்பேன். வீடு கட்டியவனைவிட அதில் குடியிருப்பவனுக்குத்தான் அதன் நல்லது கெட்டது தெரியும், விருந்தின் ருசியைச் சொல்லவேண்டியவன் சாப்பிடுகிறவன், சமைத்தவன் இல்லை. அரிஸ்டாட்டிலின் வாதம் இது. எல்லா விஷயத்துக்கும் இது பொருந்தாது. பாலம் தாங்குமா என்று ஊரைக் கேட்கக்கூடாது, இன்ஜினியரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் தாராவிக்கு அப்படியே பொருந்தும். அந்த இட்லி அண்ணாச்சிக்கு வீடு என்பது மாவாட்டும் கிரைண்டர், ஊறப்போட்ட அரிசி, ஆவி பறக்கிற அடுப்பு, வாசலில் சாத்திவைத்த சைக்கிள், அதன் கேரியரில் கட்டிய அலுமினியப் பாத்திரம். இருபதாவது மாடியில் இதையெல்லாம் எங்கே வைப்பது? இதற்குப் பதில் சொல்லக்கூடிய நிபுணர் அவர்தான்.

அயர்லாந்தில் 2016-ல் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கலில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி வல்லுநர்களை எல்லாம் விசாரித்துவிட்டுக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன திசையிலேயே 2018-ல் நாடு வாக்களித்தது. தாராவிக்கும் அப்படி ஒரு அவை வேண்டும் என்பது என் கட்சி. கட்டட வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்னால் ஒரு நூறு பேரைக் குலுக்கி எடுத்து, கூலி கொடுத்து உட்காரவைத்து, கட்டுகிறவரையும் அதிகாரியையும் எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பானையில் போடவேண்டியது வாக்காளர் பட்டியலை. 'பாத்ர' பட்டியலைப் போட்டால் ஏணிக்கு மேலே இருப்பவர் பெயர் உத்திரமேரூரில் விட்டுப்போன மாதிரியே இங்கேயும் விட்டுப்போகும்.