பொருள் தேவைத் திட்டமிடல்

பொருள் தேவைத் திட்டமிடல் என்பது, ஓர் ஆலையில் எந்தப் பாகம், எவ்வளவு, எந்த நாளில் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கொள்முதலையும் தயாரிப்பையும் ஒழுங்குபடுத்தும் முறையாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆலைகளில் இதனை எம்.ஆர்.பி. என்பர். கடைப் பொட்டலங்களின் மேல் காணப்படும் எம்.ஆர்.பி. வேறு, அது அதிகபட்ச சில்லறை விலையைக் குறிக்கும்.

வடசென்னைப் பின்னணி

இம்முறை எதற்காகத் தேவைப்படுகிறது என்பதற்கு இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தொழிற்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதே 1955-இல், மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் இணைந்து என்பீல்டு இந்தியாவை உருவாக்கின. அதன் திருவொற்றியூர் ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரானது. தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. 1962 வாக்கில் அனைத்துப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின.

நூற்றுக்கணக்கான பாகங்களில் ஒன்று வரவில்லை என்றாலும் வண்டி ஆலையை விட்டு வெளியேறாது. அதற்கு அஞ்சி எல்லாவற்றையும் அளவுக்கு மேல் வாங்கிக் குவித்தால், பணம் கிடங்கில் முடங்கும். கடற்காற்றில் இரும்பு துருவும் ஏறும். இரண்டுக்கும் நடுவே வழி காண்பதே இக்கணக்கின் நோக்கம்.

வரலாறு

முன்பு, இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கியதும் புதிய ஆர்டர் கொடுப்பதே பெருவழக்கு. 1960-களில் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் ஓர்லிக்கி இதன் குறையை எடுத்துக்காட்டினார். மோட்டார் சைக்கிளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை ஊகிக்கத்தான் முடியும். இது சார்பற்ற தேவை. ஆனால் எத்தனை சக்கரம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வண்டிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் போதும். இது சார்ந்த தேவை. 1964-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் இம்முறையைக் கணினி வழியே பயன்படுத்தியது. ஓர்லிக்கியின் நூல் 1975-இல் வெளிவந்தது. பின்னர் ஆலிவர் வைட், ஆட்கள், எந்திரங்கள், நிதி ஆகியவற்றையும் சேர்த்து இதனை விரிவுபடுத்தினார்.

தேவையான மூன்று விவரங்கள்

1. முதன்மை உற்பத்தி அட்டவணை: எந்த வாரத்தில் எத்தனை வண்டிகள்.
2. பாகங்களின் பட்டியல்: ஒரு வண்டிக்கு எந்தப் பாகம் எத்தனை, எது எதற்குள் அடங்கும்.
3. இருப்புப் பதிவு: கையில் உள்ளது, வரவேண்டியது, வந்துசேர ஆகும் காலம்.

கணக்கிடும் முறை

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. எட்டாவது வாரத் தொடக்கத்தில் 100 மோட்டார் சைக்கிள்களைப் பூட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு 2 சக்கரம். ஒரு சக்கரத்திற்கு 40 ஆரக்கம்பிகள்.

மொத்தம் 200 சக்கரங்கள் வேண்டும். பூட்டிய சக்கரங்கள் 30 கையில் உள்ளன. எனவே நிகரத் தேவை 170. இதற்கு 170 × 40 = 6,800 கம்பிகள் வேண்டும். கிடங்கில் 2,000 உள்ளன; முன்பே ஆர்டர் செய்த 1,000 வரவுள்ளன. வாங்க வேண்டியவை 3,800. கட்டுக்கு 500 என்றால் 8 கட்டுகள், அதாவது 4,000. மிச்சம் 200 அடுத்த கணக்கில் கழியும்.

மாணவர்கள் பொதுவாகத் தவறுவது இங்கேதான். சக்கர இருப்பைக் கழிக்காமல், 8,000-லிருந்து நேராகக் கம்பி இருப்பைக் கழித்தால் 5,000 என்று வரும். அந்த 30 சக்கரங்களில் ஏற்கெனவே கோத்திருக்கும் 1,200 கம்பிகளை மறுபடியும் வாங்கிவிடுவோம். ஒவ்வொரு படியிலும் இருப்பைக் கழித்த பிறகே கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும்.

அடுத்து, காலத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். சக்கரம் கோக்க ஒரு வாரம் ஆகுமெனில், கம்பிகள் ஏழாவது வாரத் தொடக்கத்தில் கையில் இருக்க வேண்டும். அவை வர மூன்று வாரம் ஆகுமெனில், நான்காவது வாரத்தில் ஆர்டர் போக வேண்டும். வளையம் கடல்வழியே வர ஆறு வாரம் ஆகுமெனில், முதல் வாரத்திலேயே ஆர்டர் போயாக வேண்டும்.

நடைமுறைப்படுத்துதல்

மென்பொருள் வாங்குவது இதில் எளிய பகுதி. பதிவேடும் கிடங்கும் ஒத்துப்போகச் செய்வதே கடினம். இரவுப் பணியில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த 50 பாகங்களைப் பதிய மறந்தால், அவை இன்னும் இருப்பதாகவே கணினி நம்பும், ஆர்டர் போடாது. ஆகவே இருப்புப் பதிவு 95 விழுக்காடேனும் சரியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆண்டுக்கொருமுறை எண்ணுவதைவிட, தினமும் சில பாகங்களைச் சுழற்சி முறையில் எண்ணிச் சரிபார்ப்பது நல்லது. முதலில் ஒரே ஒரு தயாரிப்பில் தொடங்கி, பழைய முறையையும் சில காலம் உடன் நடத்தி, கிடங்குப் பணியாளருக்குப் பயிற்சி அளித்த பின்னரே விரிவாக்க வேண்டும்.

வரம்புகள்

எந்திரத்தாலும் ஆட்களாலும் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அடிப்படைக் கணக்கு பார்ப்பதில்லை. அதைத் தனியே சோதிக்க வேண்டும். வந்துசேரும் காலமும் மாறாது என்றே அது கொள்கிறது. ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பது இப்பகுதியினர் நன்கறிந்த காட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பகுதி வாகன ஆலைகள் பலவும் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. இதற்காகவே முக்கியப் பாகங்களுக்குப் பாதுகாப்பு இருப்பு வைக்கின்றனர்.

பெரிய ஆலை தன் அட்டவணையை அடிக்கடி மாற்றினால், அதற்குப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளே முதலில் அடிபடும். கடன் வாங்கி இரும்பு வாங்கியபின் ஆர்டர் குறைந்தால், நட்டம் பட்டறைக்காரருக்கு. வேலை இழப்பு அங்குள்ள தொழிலாளருக்கு. எனவே அருகிலுள்ள சில வாரங்களின் அட்டவணையை மாற்றுவதில்லை என்று உறுதி செய்வது, நல்ல திட்டமிடலின் இன்றியமையாத விதியாகும்.