குரைத்துக்கொண்டே வேட்டையாடும் நாய்

வேட்டைக்குப் போகும் நாய் சத்தம் போடலாமா? கூடாது என்றுதானே சொல்வீர்கள்! ஆனால் இங்கிலாந்தின் சசெக்ஸ் ஸ்பேனியல் குரைத்துக்கொண்டேதான் இரை தேடும். 1795-ஐ ஒட்டி, சசெக்ஸ் வட்டாரத்து ரோஸ்ஹில்லில் ஃபுல்லர் என்ற நிலக்கிழார் இதை வளர்க்கத் தொடங்கினார். அங்கே அடர்ந்த புதர்கள். குட்டைக் கால் நாய் உள்ளே நுழைந்துவிட்டால் வால்கூடத் தெரியாது! இருக்குமிடத்தைக் குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

ரோமம் பொன் கலந்த ஈரல் நிறம். கறுப்பு நிறமி உருவாகாமல் பழுப்பே உருவாவதால் மூக்கும் பழுப்புதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939–45) இவ்வினம் அநேகமாக அற்றுப்போயிற்று. ஜாய் ஃப்ரீர் என்ற பெண்மணி சில நாய்களைக் காப்பாற்றினார். ஆனால், சில நாய்களிலிருந்தே இனம் பெருகினால் உறவுக்குள்ளேயே இணை சேர நேரும். மறைந்திருக்கும் மரபுக் குறைகள் தலைகாட்டும். இதுதான் சங்கடம்.

2009-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது ஸ்டம்ப் என்ற சசெக்ஸ் ஸ்பேனியல். அதன் வயது 10!