சிறிய கிரில்லும் பெரிய சிலிண்டரும்

— சங்க உறுப்பினரான ஒரு டாக்டர்

கோடை பிறந்தால் நம் அன்பர்கள் குடும்பத்துடன் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் கூடி வனபோஜனம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. மக்காச்சோளம், கத்தரிக்காய், பனீர் ஆகியவற்றைச் சுடுவதற்கென்றே பலர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய காஸ் கிரில் வாங்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் கிரில்லுக்கு எரிபொருள், கடையில் விற்கும் ஒரு பவுண்டு புரொப்பேன் குப்பி. பத்துப் பேருக்குச் சமைக்க அது போதும். ஐம்பது பேர் வந்துவிட்டால் பாதிச் சமையலில் தீர்ந்துவிடும். "வீட்டில்தான் 20 பவுண்டு சிலிண்டர் இருக்கிறதே, அதை இதனோடு இணைத்தால் என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

தாராளமாக இணைக்கலாம், உங்கள் கிரில்லைச் செய்த கம்பெனி அதை அனுமதித்திருக்க வேண்டும், அவ்வளவே. இணைக்கும் வேலை பத்து நிமிஷத்தில் முடியக்கூடியது. ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் செய்தால் அடுப்பு எரியாது, அல்லது எரியக்கூடாத விதத்தில் எரியும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய சிலிண்டரால் என்ன லாபம்?

ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 21,500 பி.டி.யு. வெப்பம் கிடைக்கும். சிறிய கிரில்லின் பர்னர் மணிக்குச் சுமார் 10,000 பி.டி.யு. செலவழிக்கும். ஆகவே ஒரு குப்பி இரண்டு மணி நேரம் வரும். 20 பவுண்டு சிலிண்டரோ நாற்பது மணி நேரத்துக்கு மேல் வரும். பவுண்டுக்குப் பவுண்டு கணக்குப் பார்த்தால் குப்பியில் வாங்கும் வாயு பன்மடங்கு விலை.

இன்னொரு லாபமும் உண்டு. சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். சிறிய குப்பி விரைவில் சில்லிட்டு, மேலே பனி பூத்து, தீயும் குறைந்துவிடும். பெரிய சிலிண்டரில் திரவம் அதிகம், பரப்பும் அதிகம். ஆதலால் தீ சீராக நிற்கும்.

பயன்படுத்திய குப்பி குப்பையில்தான் சேருகிறது. கலிபோர்னியா மாநிலம் 2022-ல் இயற்றிய சட்டத்தின்படி, ஒருமுறை மட்டும் பயன்படும் இந்தக் குப்பிகளை 2028 ஜனவரி 1 முதல் அங்கே விற்க முடியாது. சிலர் காலிக் குப்பியைப் பெரிய சிலிண்டரிலிருந்து தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அது வேண்டாம். மறுபடி நிரப்புவதற்காகச் செய்யப்பட்ட பாத்திரம் அல்ல அது. நிரப்பிய குப்பியை வண்டியில் கொண்டு செல்வது மத்திய சட்டப்படி குற்றம் என்றும், 5,00,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டென்றும் குப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

ரெகுலேட்டர் ஒன்றே ஒன்று

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எழுபது டிகிரி பாரன்ஹீட் வெயிலில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கும் மேல். சாதாரணக் கிரில் பர்னருக்கு வேண்டியதோ 11 அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம். அதாவது அரைப் பவுண்டுகூட இல்லை. இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பெரிய தமனியில் பாயும் ரத்தத்தின் வேகத்தை வழியிலுள்ள நுண்தமனிகள் தணித்த பிறகே அது மெல்லிய தந்துகிகளுக்குள் செல்கிறது. சிலிண்டருக்கும் பர்னருக்கும் நடுவே அந்த வேலையைச் செய்வது ரெகுலேட்டர்.

ஊரில் 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டரைப் பொருத்தி, அதிலிருந்து ரப்பர் குழாயை அடுப்புக்குக் கொண்டுபோவது நமக்குப் பழக்கம். இங்கே கொல்லைப்புறத்தில் வைக்கும் பெரிய கிரில்லிலும் ரெகுலேட்டர் சிலிண்டரின் பக்கம்தான் இருக்கிறது. குழாயில் ஒரு பெரிய வடை அளவில் வட்டமான உலோகப் பெட்டி தொங்குமே, அதுதான். ஆனால் தூக்கிச் செல்லும் சிறிய கிரில்லில் பெரும்பாலும் ரெகுலேட்டர் கிரில்லின் பக்கம் இருக்கிறது. குப்பியைத் திருகிச் செருகும் அந்த உலோகத் தலையே ரெகுலேட்டர். குழப்பம் விளைவது இந்த இடத்தில்தான்.

கிரில்லில் ரெகுலேட்டர் இருக்கும்போது, வடை போன்ற ரெகுலேட்டர் பொருத்திய குழாயையும் வாங்கி இணைத்தால், வாயு இரண்டு இடத்தில் தணிக்கப்பட்டுத் தீ அகல் விளக்கு அளவுக்குத்தான் எரியும். அதனால் ஆபத்து அதிகமில்லை; சமையல் நடக்காது. இதற்கு மாறாக, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்ட கிரில்லுக்கு ரெகுலேட்டர் இல்லாத குழாயை இணைத்தால், சிலிண்டரின் முழு அழுத்தமும் பர்னருக்குள் பாயும். ஆளுயரத் தீ எழும். இது உயிருக்கே ஆபத்து.

ஆகவே சூத்திரம் இதுதான்: சிலிண்டரிலிருந்து தீ வரையிலான வழியில், கிரில்லுக்கு உரிய ரெகுலேட்டர் ஒன்று இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்க வேண்டும்.

உங்கள் கிரில்லில் குப்பி திருகும் ரெகுலேட்டர் இருந்தால், கடையில் 'அடாப்டர் குழாய்' என்று கேட்டு வாங்குங்கள். அது அதிக அழுத்தத்தைத் தாங்கும் குழாய், ரெகுலேட்டர் இல்லாதது. அதன் ஒரு முனை குப்பியின் வாயைப் போலவே மரை போட்டிருக்கும். மறு முனையில் சிலிண்டருக்கான பெரிய பிளாஸ்டிக் திருகு இருக்கும். வெபர், கோல்மன் போன்ற கம்பெனிகளே தங்கள் சிறிய கிரில்களுக்கு இத்தகைய குழாய் விற்கின்றன. எந்தக் குழாய் பொருந்தும் என்பதைக் கிரில்லோடு வந்த புத்தகத்தில் பார்த்து வாங்குவதே சரி. விருந்துச் சமையலுக்கு அண்டா ஏற்றும் பெரிய பர்னரின் ரெகுலேட்டர் பல மடங்கு அதிக அழுத்தம் தரக்கூடியது. வடிவம் ஒன்றுபோல் இருக்கிறதென்று அதை எடுத்துச் சிறிய கிரில்லுக்குப் போடக்கூடாது.

இணைக்கும் முறை

முதலில் சிலிண்டரைப் பாருங்கள். வால்வின் கைப்பிடி முக்கோண வடிவில் இருந்தால், அளவுக்கு மீறி நிரப்புவதைத் தடுக்கும் மிதவை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மிதவை இல்லாத சிலிண்டரை 2002 ஏப்ரல் முதல் நிரப்பக்கூடாது என்பது தீத்தடுப்பு விதி. சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். பெரும்பாலும் 17 பவுண்டு அளவில் இருக்கும். குளியலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையைக் கழித்தால் எவ்வளவு வாயு மீதி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் பாயும். கிரில்லுக்கு அடியிலோ மேஜையின் மேலோ வேண்டாம். குழாயின் நீளம் இடம் தருமளவு தள்ளியே இருக்கட்டும். குழந்தைகள் ஓடும் வழியில் குழாய் கிடக்கக்கூடாது.

கிரில்லின் திருகுகளையும் சிலிண்டரின் வால்வையும் மூடிவைத்து, குழாயின் இரு முனைகளையும் கையால் வலப்பக்கம் திருகி இறுக்குங்கள். ஸ்பானர் வேண்டாம்; மரையில் டேப்பும் சுற்ற வேண்டாம். பிறகு சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தண்ணீரும் சம அளவு கலந்து இணைப்புகளின் மேல் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. உடனே மூடிவிட்டு மறுபடி இறுக்கிச் சோதியுங்கள். அப்போதும் குமிழி வந்தால் அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் வழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

கிரில்லின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பற்ற வைக்க வேண்டும். பற்றவில்லையென்றால் எல்லாவற்றையும் மூடி, ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

வால்வைச் சட்டென்று திறந்தால் தீ மங்கலாக எரிவதுண்டு. குழாய் அறுந்துவிட்டதென்று கருதி, இணைப்பில் உள்ள பாதுகாப்புக் கருவி வாயுவைக் குறைத்துவிடுவதே காரணம். எல்லாவற்றையும் மூடி, குழாயைக் கழற்றிச் சில நிமிஷம் விட்டு, மறுபடி பொருத்தி வால்வை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் உள்ள வாயு எரிந்து தீர்ந்து தீ அணைந்த பிறகு கிரில் திருகை மூடுங்கள். பிறகு குழாயைக் கழற்றிவிடுங்கள்.

தோசைக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கிரில்லின் பரப்பு முழுவதையும் மூடும் கல்லை ஏற்றினால் வெப்பம் மேலே போக வழியின்றிப் பக்கவாட்டில் திரும்பி, ரெகுலேட்டரையும் குழாயையும் சுடும். கல்லைச் சுற்றிலும் இடைவெளி இருக்கட்டும்.

மருத்துவன் சொல்ல வேண்டியது

பெரிய சிலிண்டர் கைக்கு வந்தபின் ஒரு புது ஆசை வரும். மழை வந்தால் கிரில்லைக் கராஜுக்குள் இழுத்துக்கொள்ளலாம், குளிர்காலத்தில் கதவைப் பாதி திறந்துவைத்து உள்ளேயே தோசை வார்க்கலாம் என்று தோன்றும். குப்பி இரண்டு மணியில் தீர்ந்துபோகும். சிலிண்டர் நாள் முழுவதும் எரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: கராஜ், கூடாரம், கண்ணாடி அடைத்த வராந்தா எதிலும் கூடாது.

காற்றுப் போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும்; வெயிலோ, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாததோ காரணம் என்று எண்ணிப் படுத்துக்கொள்பவர் எழுந்திருக்காமலே போகலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த நஞ்சைக் கண்டுபிடிக்காது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கு ஒருங்கே தலைவலி வந்தால் அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 911-ஐ அழையுங்கள்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, நிலவறை போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கும். சிலிண்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கக்கூடாது என்பது இதனால்தான். கசிவு தெரிவதற்காகவே அதில் துர்நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவதைச் சட்டமாக்கியது அந்த விபத்தே. ஆனால் ஜலதோஷம் உள்ளவருக்கும் வயதானவருக்கும் மோப்ப சக்தி குறைந்திருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை அடுப்பருகே காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போவது பாதுகாப்பாகாது.

அடுப்பருகே நிற்பவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். நைலான் உடை வேண்டாம். தீப்பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். மை, பற்பசை, மாவு, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, கொப்புளம் பெரிதானாலும், முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். திரவப் புரொப்பேன் தோலில் பட்டால் உறைபனிப் புண் உண்டாகும். அதைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும்.

கடைசியாக வண்டிப் பயணம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டி, வாயை அடைப்பானால் மூடி, ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து நேராகப் போய்ச் சேருங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

சங்க வனபோஜனத்துக்குக் கிரில் கொண்டுவரும் அன்பர்கள் குழாயைச் சில நாள் முன்னதாகவே வீட்டு முற்றத்தில் பொருத்திச் சோப்புத் தண்ணீரால் சோதித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். ரெகுலேட்டர் எங்கே இருக்கிறதென்று சந்தேகம் வந்தால், புரொப்பேன் நிரப்பும் கடைக்குக் கிரில்லையே எடுத்துச் சென்று காட்டிக் கேளுங்கள். பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.