வைகாசிக் காலையில் அருந்ததி எங்கே?

என் மகள் கல்யாணத்துக்கு அக்கா மகனுக்கு சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. போன வாரம் டீ குடிக்க வந்தவன், "மாமா, மண்டபத்துல என்னமோ அருந்ததி கலாட்டாவாமே?" என்றான். டீ ஆறினாலும் பரவாயில்லை என்று முழுசாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குச் சலிக்காத கதை அது.

கும்பகோணத்தில் வைகாசி முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தாலி ஏறியது. மாப்பிள்ளை அவள் காலைப் பிடித்து அம்மியில் வைத்து மெட்டி போட்டார். அடுத்து, ஐயர் இருவரையும் வாசலுக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். பெண்கள் வழக்கமாக "தெரியுது" என்று சொல்லிவிட்டு நிழலுக்கு ஓடிவிடுவார்கள். என் மகள் நின்று நிதானமாகச் சொன்னாள்: "இப்ப அது தொடுவானத்துக்குக் கீழ இருக்கு சாமி. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து பார்த்துக்கறோம்."

வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பெண் ஏதோ மறுத்துவிட்டாள் என்று நினைத்த சம்பந்தியம்மா பதறி எழுந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தவில்காரர் கெட்டிமேளம் வாசித்தார். ஐயர்தான் முதலில் சிரித்தவர். "ராத்திரி நானும் வரேன்" என்றார்.

அக்கா மகன் கேட்டான்: "வெயில்ல நட்சத்திரம் தெரியாது, அவ்வளவுதானே மாமா?" அவ்வளவு மட்டும் இல்லை. அருந்ததி சப்தரிஷி மண்டலத்தில், வடக்கு வானத்தில் இருக்கிறது. கும்பகோணத்தில் நின்று பார்த்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 14 மணி நேரம் தொடுவானத்துக்கு மேலே இருக்கும், மீதி நேரம் கீழே. எந்த 14 மணி நேரம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிடம் முன்னதாக உதிப்பதால், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்திவிடும். வைகாசிக் காலையில், சூரியனை மறைத்துவிட்டு இருட்டாக்கினாலும் அருந்ததியைப் பார்க்க முடியாது. அன்றிரவு ஒன்பதரைக்கோ நேர் வடக்கில், பாதி உயரத்தில் நிற்கும். இந்தக் கணக்கை என் மகள் முகூர்த்தம் குறித்த அன்றே போட்டு வைத்திருந்தாள். பட்டுப்புடவை எடுக்கப்போன கடையில்கூட இதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

இரவு மண்டபத்து மாடியில் பந்தி அளவுக்குக் கூட்டம். நாலு நட்சத்திரம் சதுரமாக, அதிலிருந்து மூன்று நட்சத்திரம் வால்போல வளைந்து இறங்கும். வாலின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் அருந்ததி. மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், தெரியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய சம்பந்தியம்மா, "அதோ ஒட்டிக்கிட்டு நிக்கறாளே" என்று முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் பதறியவர் அதன்பிறகு என் மகளின் கையை விடவேயில்லை.

மகள் அங்கேயே ஒரு வகுப்பும் எடுத்தாள். 1617-லேயே கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து, வசிஷ்டர் ஒற்றை நட்சத்திரம் இல்லை என்று கண்டாராம். இன்றைய கணக்கில் வசிஷ்டர் நாலு நட்சத்திரம். அருந்ததிக்கும் ஒரு துணை இருப்பது 2009-ல் தெரிந்தது. ஆக மொத்தம் ஆறு. "தனிக்குடித்தனம் இல்ல, கூட்டுக்குடும்பம்" என்றார் சம்பந்தி. எங்களிடமிருந்து ஏறக்குறைய 80 ஒளியாண்டு தூரம். அன்று நாங்கள் பார்த்த வெளிச்சம் என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பியது. அம்மாவும் நாற்காலி போட்டு அமர்ந்து அதைப் பார்த்தார். ஐயர் அங்கேயே மந்திரத்தை இன்னொரு முறை சொல்லி, இருவரையும் கும்பிடச் சொன்னார். அந்த நிமிடத்துக்கு நான் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் நடத்துவேன்.

அக்கா மகனுக்குத் தை மாதம் முகூர்த்தம். அவனுக்குக் கணக்கு வேறு. காலை ஒன்பது மணிக்கு அருந்ததி வடமேற்கில் இருக்கும், வெயிலில் தெரியாது. ஐயர் அந்தத் திசையைக் காட்டினால் தைரியமாகக் கும்பிடலாம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை நாலரை மணி. நல்ல உயரத்தில் இருக்கும். குளிக்க எல்லாரும் எழுந்திருக்கிற நேரம்தான். "பொண்ணையும் மாடிக்குக் கூட்டிட்டு வாடா. அவங்க வீட்ல தாய்மாமன் நான் பேசிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.